சைவ நாயும் ஒரு போத்தல் மீன் பிஸ்கட்டும்

பெரிய மனிதர்களின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் பிறந்த நட்சத்திரத்திலிருந்து தொடங்குவது வழக்கம். கதிர்காமநாதனின் நட்சத்திரத்தை நான் கேட்கவில்லை. அவருடைய வாழ்க்கையில் சரித்திரம் என்று சொல்லத்தக்க பகுதி, அறுபத்தேழாவது வயதில், வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் நான்காம் மாடியில் ஒரு பொமரேனியன் நாய் லிப்டைவிட்டு இறங்கிய அன்றுதான் தொடங்குகிறது. அதற்கு முந்தியதெல்லாம் முன்னுரை.

முன்னுரையையும் சொல்லிவிட வேண்டும். ஓர் அரசாங்கக் கந்தோரில் முப்பத்தெட்டு ஆண்டுகள் அவர் பிழையான படிவங்களைத் திருப்பி அனுப்பினார். தாயாரின் பெயரில் ஒரு கொம்பு விடுபட்டிருந்தாலும் திருப்பி அனுப்பினார். மட்டக்களப்பிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்களும் அந்தக் கொம்பைத் தேடித் திரும்பிப் போனார்கள். அவரைச் சபித்தவர்கள் பலர். ஆனால் அவர் கைபட்ட படிவத்தில் பொய் இருந்ததென்று ஒருவரும் சொன்னதில்லை. இந்தத் திறமை ஓய்வூதியத்தோடு வீணாகிவிடக் கூடாதென்று நாங்கள் அவரைத் தொடர்மாடி நிர்வாகக் குழுவின் செயலாளராக்கினோம். நானும் கை உயர்த்தியவன்தான். நான் இருப்பது மூன்றாம் மாடி. அவருடைய காலடிச் சத்தத்துக்கு நேர் கீழே.

செயலாளர் லிப்டுக்குள் அறிவித்தல்கள் ஒட்டினார். அவற்றில் பெரும்புகழ் பெற்றது, "வெள்ளிக்கிழமைகளில் மாடிப்படிகளில் மச்ச வாடை எழாதிருக்க அன்பர்கள் ஒத்துழைப்பார்களாக" என்பது. மச்சம் என்றால் எங்கள் பேச்சில் மீன், இறைச்சி, முட்டை என்று சைவத்துக்கு ஆகாத எல்லாமும். அன்பர்கள் என்று பன்மையில் எழுதியிருந்தாலும் குறி வைக்கப்பட்ட அன்பர் ஒருவர்தான். முதலாம் மாடி ஒஸ்வால்ட். கொட்டாஞ்சேனையில் பிறந்து, துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற கத்தோலிக்கர். மூன்று பூனைகளுக்குத் தகப்பன். அவர் அறிவித்தலை வாசித்துவிட்டு நேரே நான்காம் மாடிக்கு ஏறினார்.

"செக்ரட்டரி ஐயா, வெள்ளிக்கெழம எங்களுக்கு எறச்சி ஆகாது. மீன்தான் எங்கட வெரதமே. நீங்க வெரதம் புடிக்கிற அன்னைக்குத்தான் நாங்களும் புடிக்கிறோம். அதுல என்ன கோவம்?"

"கோவமில்லை, ஒஸ்வால்ட். மணம்."

"கருவாட்டுக்கு மணம் இல்லன்னா அது கருவாடே இல்லையே ஐயா."

இந்த உரையாடல் இரண்டு சமயங்களுக்கு இடையிலான பேச்சுவார்த்தையாக நெடுநாள் நீடித்து, எல்லாப் பேச்சுவார்த்தைகளையும் போலவே, அறிவித்தல் மஞ்சளாகிக் கிழிந்ததோடு முடிந்தது.

இனிச் சரித்திரம். மகள் சாம்பவியும் மருமகனும் கனடாவுக்குப் போனபோது அவர்களுடைய ஐந்து வயது நாயைப் பெற்றோரிடம் விட்டுப் போனார்கள். அதன் பெயர் மோக்கா. சைவ வீட்டில் கோப்பியின் பெயரில் ஒரு சீவன் நடமாடுவதா என்று யோசித்து, கதிர்காமநாதன் அதை மோகன் என்று திருத்தினார். மகள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்த உணவுப் பட்டியலில் கோழி, கோழி ஈரல், நாய் பிஸ்கட் என்று இருந்தது. அதையும் திருத்தினார். தயிர்ச்சோறு, பருப்பு, அவித்த பூசணி.

மனைவி பாலேஸ்வரிக்கு இதில் கருத்து வேறுபாடு கிடையாது. அந்த வீட்டு வாசற்படியை மச்சம் தாண்டியதில்லை. நாய் மூன்று நாள் எதையும் தொடவில்லை. நான்காம் நாள், கடனுக்காகக் காணி எழுதிக் கொடுக்கிறவனின் முகத்தோடு தயிர்ச்சோற்றை நக்கியது. அன்று மாலையே 'சைவ நெறி அன்பர்கள்' என்ற வட்ஸ்அப் குழுவில் செய்தி போயிற்று: "எமது இல்லத்து நாயும் இன்று முதல் சைவம்." நாற்பத்தொரு பேர் கைகூப்பினார்கள்.

புகழ் வந்தால் அதைத் தக்கவைப்பதுதான் பாடு. இரண்டு மாதத்தில் மோகன் மெலிந்தது. மயிர் கொட்டியது. ஒருநாள் காலை, நடைக்குப் போகும் வழியில், வாரைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய நாயைத் தேடி கதிர்காமநாதன் படியால் இறங்கினார். அது முதலாம் மாடியில், ஒஸ்வால்டின் கதவடியில், பூனைகளின் தட்டில் முகத்தைப் புதைத்திருந்தது. தட்டில் மீன் வடிவில் சின்னச் சின்ன பிஸ்கட்டுகள். அதன் வால், நான்காம் மாடியில் ஒருபோதும் ஆடாத ஆட்டம் ஆடியது.

அவருக்கு இரண்டு எண்ணங்கள் வந்தன. முதலாவது, ஐயோ, இந்தச் சீவன் பசி கிடந்திருக்கிறதே என்பது. இரண்டாவது, யாராவது கண்டார்களா என்பது. முதலாவது எண்ணம் இரண்டாவதைவிட முந்தி வந்ததென்று அவர் என்னிடம் அழுத்திச் சொன்னார். சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்தார். ஆகவே நான் அதை அப்படியே எழுதுகிறேன்.

அடுத்த நாள் தெஹிவளைக்குப் போனார். வெள்ளவத்தையில் கடைக்குக் கடை அன்பர்கள். தெஹிவளை சுப்பர் மார்க்கட்டில் அவரை அறிந்தவர் இல்லை. நாய் உணவுப் பகுதியில் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பையின் பின்புறத்தையும் படிவத்தைப் போல வாசித்தார். முதலாவது பையில் மாட்டிறைச்சி. இரண்டாவதில் மாட்டிறைச்சியும் ஈரலும். மூன்றாவதில் கோழி, ஆனால் சின்ன எழுத்தில், மாட்டெலும்புத் தூள். நாலாவதன் முகப்பில் மாடே நின்று அவரைப் பார்த்தது. தைப்பொங்கலுக்கு மறுநாள் பொட்டு வைத்துக் கும்பிடுகிற அதே முகம்.

அவர் கைகழுவியவரைப் போல விரல்களை உதறிக்கொண்டு நின்றபோது, கடைப் பெண்பிள்ளை வந்து சிங்களத்தில் கேட்டாள்: "அங்கிள், பல்லாட்டத, பூஸாட்டத?" நாய்க்கா, பூனைக்கா?

பக்கத்துத் தட்டில் பூனை உணவு. பின்புறத்தில் எழுதியிருந்தது: கடல் மீன், அரிசி, சோளம். மாடு இல்லை. ஆடு இல்லை. கோழிகூட இல்லை.

"பூஸாட்ட" என்றார் கதிர்காமநாதன். முப்பத்தெட்டு ஆண்டுச் சேவைக்குப் பிறகு அவர் கொடுத்த முதலாவது பொய்த் தகவல் அது.

அவருடைய தர்க்கத்தை நாம் நியாயமாக அணுக வேண்டும். மச்சத்திலும் படிகள் உண்டு. மாடு அடிப்படியில், அதை நினைப்பதே பாவம். ஆடு, கோழி அதற்கு மேலே. மீனோ, காலில்லாதது, கத்தத் தெரியாதது, கடலுக்குள் நமக்குத் தெரியாமல் பிறந்து தெரியாமல் போவது. அந்த மீனையும் அரைத்து, அரிசியோடு பிசைந்து, சுட்டு, பிஸ்கட்டாக்கிவிட்டால் பிறகு அதில் மீன் எங்கே இருக்கிறது? ஏறத்தாழத் தானியம். நாய்க்கு நாய் உணவு கொடுத்தால் கோமாமிசம் கொடுத்த பாவம். பூனை உணவு கொடுத்தால் ஏறத்தாழத் தானியம் கொடுத்த புண்ணியம். உலகத்தில் நாய்க்குப் பூனைச் சாப்பாடு வாங்கியவர்கள் வேறும் இருக்கலாம். சமய நெறி நின்று வாங்கியவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

பையைக் கடைக்கு வெளியிலேயே பிரித்து, வெறும் ஹோர்லிக்ஸ் போத்தலில் கொட்டி, பையைத் தெஹிவளைக் குப்பைத் தொட்டியில் விட்டுவிட்டு வந்தார். போத்தல் நிர்வாகக் குழுக் கோப்புகள் இருக்கும் இரும்பு அலுமாரிக்குள் போனது. நாள்தோறும் காலை ஐந்தரைக்கு நாயும் அவரும் மொட்டைமாடிக்கு உடற்பயிற்சிக்குப் போனார்கள். தண்ணீர்த் தாங்கிகளுக்குப் பின்னால் உடற்பயிற்சி நடந்தது.

ஒரு மாதத்தில் மோகன் பளபளத்தது. மூன்றாம் மாதத்தில் உருண்டது. லிப்டில் சந்தித்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள், என்ன கொடுக்கிறீர்கள் என்று. பூசணி என்றார்.

ஒருமுறை மட்டும் ஆபத்து வந்தது. தெஹிவளையிலிருந்து திரும்பும்போது, பை பிரிக்கப்படாமல் கையில் இருந்த ஒருநாள், லிப்டுக்குள் ஒஸ்வால்ட் நின்றார். பையில் அச்சிட்டிருந்த பூனைப் படத்தின் காது அவர் கைக்கு வெளியே தெரிந்தது.

"ஐயா, இது பூனச் சாப்பாடுல்ல?"

"கடற்கரைப் பக்கம்... ரோட்டுப் பூனையள் கிடக்குது பாருங்கோ. பாவங்கள்."

 லிப்ட் முதலாம் மாடியில் நின்றும் ஒஸ்வால்ட் இறங்கவில்லை. கண் கலங்கிப்போய், "ஐயா, அந்தக் கருவாட்டு நோட்டீச நான் இன்னைக்கே மன்னிச்சிட்டேன்" என்று சொல்லி, செயலாளரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, நான்காம் மாடிவரை வந்து, பிறகு படியால் இறங்கிப் போனார். மன்னிப்பை வாங்கிக்கொண்டு கதிர்காமநாதன் வீட்டுக்குள் போய்க் கைகால் கழுவினார்.

சைவ அன்பர்களின் சபையிலிருந்து அழைப்பு வந்தது. 'சீவகாருண்யமும் வளர்ப்புப் பிராணிகளும்' என்ற பொருளில் அரைமணி நேரம் உரை. மோகனும் மேடையேறியது, திருநீறு பூசப்பட்டது, சபையோர் அதன் வயிற்றைத் தடவி வியந்தார்கள். உரையைக் கேட்டவர்களில் ஐந்தாம் மாடி சாருஜாவும் ஒருத்தி. பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற இளம்பெண். வீட்டில் புரூனோ என்று பெரிய லாப்ரடோர் நாய். அடுத்த நாளே புரூனோவுக்கும் தயிர்ச்சோறு. இரண்டு மாதத்தில் புரூனோவின் விலா எலும்புகளை லிப்டுக்குள் நின்று எண்ணலாம் போலாயிற்று.

"அங்கிள், நான் ஏதோ பிழை விடுறன் போல. மோகன் எவ்வளவு வடிவா இருக்கு. பூசணிக்காயைத் தோலோடயோ அவிக்கிறனீங்கள்?"

"தோலைச் சீவோணும், பிள்ளை."

அந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது என்று அவர் சொன்னார். அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாளாம்.

கந்தசஷ்டி வந்தது. ஆறு நாள் விரதம். மொட்டைமாடியில் கூட மச்சம் ஆகாது என்று செயலாளர் முடிவெடுத்தார். ஆறு நாளும் உடற்பயிற்சி நிறுத்தப்பட்டது. மோகன் ஆறு நாளும் இரும்பு அலுமாரிக்கு முன்னால் படுத்துக் கிடந்தது. ஏழாம் நாள் காலை பாறணை, விரதத்தை முடித்து வயிறாறச் சாப்பிடுகிற நாள். தனக்கு இலை போட்டவர் நாய்க்கும் நீதி செய்ய நினைத்தார். ஆறு நாள் பாக்கியையும் சேர்த்து, போத்தலை முழுசாகக் கவிழ்த்தார்.

அன்று மாலை விளக்கு வைக்கிற நேரம், சாமியறை வாசலில் மோகன் முன்னங்கால்களை நீட்டி, நெஞ்சைத் தரையில் பதித்து, பின்புறத்தை உயர்த்தியபடி அப்படியே நின்றது. முனகியது.

"இஞ்சாருங்கோ, ஓடி வாங்கோ" என்றார் பாலேஸ்வரி. "விழுந்து கும்பிடுது!"

இருவருக்கும் மெய்சிலிர்த்தது. படம் எடுத்தார்கள். 'சஷ்டி விரதம் முடித்த மோகன் முருகனை வணங்குகிறது' என்ற குறிப்போடு படம் குழுவுக்குப் போனது. அறுபத்துமூன்று பேர் கைகூப்பினார்கள். நானும் கூப்பினேன். முனகலை அவர்கள் பாராயணம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

விடிந்தபோது பக்தர் நான்கு தரம் சத்தி எடுத்திருந்தார். கொடுத்த தண்ணீரும் வயிற்றில் நிற்காமல் வாயால் வந்தது. வயிற்றைத் தொட்டால் கத்தியது. தொட்டவர் பாலேஸ்வரி, அவர் அதைத் துவாயில் சுற்றித் தூக்கினார். வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் மிருக வைத்தியர்கள் இருக்க, கதிர்காமநாதன் அங்கெல்லாம் வேண்டாமென்றார். அந்த வைத்தியர்களின் வாசலில் அன்பர்கள் இருப்பார்கள். ஒஸ்வால்டுக்குக் கொட்டாஞ்சேனையில் தன் பூனைகளைக் காட்டுகிற இடம் ஒன்று தெரியும். தன் பழைய காரிலேயே மூவரையும் ஏற்றிக்கொண்டு போனார்.

டொக்டர் சஹ்லா முப்பது வயதுகூட மதிக்க முடியாதவர். நாயை மேசையில் கிடத்தி அமுக்கிப் பார்த்துவிட்டு, ஒரு படிவத்தைக் கதிர்காமநாதனிடம் நீட்டினார். கையெழுத்து வடிவான மனிதர், அவரே நிரப்பினார். 'வழக்கமான உணவு' என்ற பெட்டிக்கு வந்தபோது ஒருபக்கம் பாலேஸ்வரி, மறுபக்கம் ஒஸ்வால்ட். 'தயிர்ச்சோறு, பருப்பு, பூசணி' என்று எழுதினார்.

"வேற ஒண்டும் குடுக்கல்லயா அங்கிள்?"

"சுத்த சைவம், டொக்டர்."

"நேத்து, முந்தநாள், கொழுப்பான சாமான் ஏதும் திண்டிச்சா? ரோட்டுல பொறுக்கினிச்சா?"

"இல்லை."

"நல்லா யோசிச்சுச் செல்லுங்க. எனக்கு அதுதான் முக்கியம்."

"எங்கட வீட்டில மச்சமே இல்லை, பிள்ளை" என்று பாலேஸ்வரி சொன்னார். சொல்லும்போது அவர் குரல் ஏனோ இறங்கியது. கணவரைப் பார்க்காமல் துவாயின் ஓரத்தை மடித்தார்.

டொக்டர் நெற்றியைச் சுருக்கினார். பருப்பும் பூசணியும் தின்கிற நாய்க்கு இப்படி வலி வராது. அப்படியானால் ஏதோ விழுங்கியிருக்கிறது, குடல் அடைத்திருக்கிறது. எக்ஸ்ரேயில் தெளிவாக ஒன்றும் தெரியவில்லை. சேலைன் ஏற்றி வைத்துக்கொள்கிறேன், நாளைக்குக் காலையும் இப்படியே இருந்தால் வயிற்றைத் திறந்து பார்க்க வேண்டி வரும் என்றார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மூவரும் மறுபடி அங்கே நின்றார்கள். மோகன் கண்ணைத் திறக்கவில்லை. டொக்டர் அதே படிவத்தின் இரண்டாம் பக்கத்தைக் காட்டினார். சத்திரசிகிச்சைக்குச் சம்மதம். கீழே ஒரு வரி: 'மேலே தரப்பட்ட விபரங்கள் யாவும் உண்மையென உறுதிப்படுத்துகிறேன்.'

"இவ்வளவு பலவீனமா ஈக்கிற நாய்க்கு மயக்க மருந்து குடுக்கிறது எனக்கே பயந்தான் அங்கிள். ஆனா வேற வழி தெரியல்ல. ஸைன் பண்ணுங்க."

அந்த வரிக்குக் கீழே எத்தனை ஆயிரம் பேரின் கையெழுத்தை அவர் பார்த்திருப்பார்! எத்தனை பேரிடம் கேட்டிருப்பார், "உண்மையெண்டு எழுதிப்போட்டுப் பொய் எழுதியிருக்கிறீரே, வெக்கமில்லையோ?" என்று. பேனாவைப் பிடித்தபடி நின்றார். மின்விசிறி சுற்றியது. உள்ளறையில் ஒரு பூனை கத்தியது. வாயைத் திறந்து சொல்லிவிடலாம். சொன்னால் மனைவி கேட்பாள், ஒஸ்வால்ட் கேட்பார். சொல்லாவிட்டால் இந்தப் பெண் கத்தியை எடுப்பாள்.

வாய் வரவில்லை. கைதான் வந்தது. படிவத்தை முதலாம் பக்கத்துக்குத் திருப்பி, 'வழக்கமான உணவு' என்பதில் எழுதியிருந்ததை ஒரே கோட்டால் வெட்டினார். மேலே எழுதினார். பக்கத்தில், விதிப்படி, சின்னக் கையெழுத்து வைத்தார். பிறகு படிவத்தை டொக்டர் பக்கமாகத் தள்ளிவிட்டுத் தரையைப் பார்த்தார்.

இரகசியமாக நடந்த இந்த அருமையான காரியத்தை டொக்டர் சஹ்லா உரத்து வாசித்தார்.

"பூனை உணவு. மீன். ஆறு மாதம். நேற்று முன்தினம் ஒரு போத்தல்."



"ஒரு போத்தலா?" என்றார் டொக்டர்.

"ஹோர்லிக்ஸ் போத்தல். பெரிசு" என்றார் கதிர்காமநாதன் தரையைப் பார்த்து.

டொக்டர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்றார் அவர் என்னிடம். படிவத்தை ஒருபக்கம் வைத்துவிட்டு, இரத்தம் எடுக்கச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். பிறகு, வகுப்பில் கடைசி வாங்குப் பலகையில் இருக்கிற பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

"பூனச் சாப்பாடு நாய்க்கு விஷமில்ல அங்கிள். ஒருநாள் ரெண்டுவாய் களவாத் திண்டா ஒண்டுமாகாது. ஆனா அது பூனைக்குண்டு செய்த சாமான். கொழுப்பும் கூட, புரதமும் கூட. நாய்க்கு அவ்வளவு வேணாம். மாசக்கணக்குல அதையே குடுத்தா நாய் கொழுக்கும். இப்படிச் சின்ன நாய்க்கு ஒரேயடியா ஒரு போத்தல் போட்டா கணையம் வீங்கும். அதுதான் வலி. முன்னுக்குக் குனிஞ்சு, பின்னுக்குத் தூக்கிட்டு நிண்டிச்சா?"

பாலேஸ்வரி வாயைப் பொத்தினார்.

"நிண்டது" என்றார் கதிர்காமநாதன். "படமும் எடுத்தனாங்கள்."

"வயிறு தாங்க ஏலாத வலி வந்தா அப்படித்தான் நிக்கும்."

அறுபத்துமூன்று கைகூப்பல்கள் அந்த அறைக்குள் வந்து நின்றன. கதிர்காமநாதன் கதிரையைத் தேடி உட்கார்ந்தார். இரத்தப் பரிசோதனை டொக்டர் சொன்னதையே சொன்னது. கத்தி தேவையில்லை, சேலைனும் வலிக்கு மருந்தும் போதும். நேற்றே சொல்லியிருந்தால் நேற்றே தொடங்கியிருக்கலாம் என்று டொக்டர் சொன்னபோது அதில் கோபம் இல்லை, வெறும் தகவல்.

வெளி வாங்கில் மூவரும் இருந்தார்கள். பாலேஸ்வரி கேட்டார்:

"அப்ப அது உங்களுக்கில்லையே?"

"எது?"

"அந்தப் போத்தல். நவராத்திரிக்கு வீடு துடைக்கேக்க அலுமாரிச் சாவி கதவிலயே கிடந்தது. திறந்தனான். மீன் மீனாக் கிடந்தது. மணந்தும் பாத்தனான்." அவர் முந்தானையை விரலில் சுற்றினார். "வயசு போன காலத்தில மனுசனுக்கு நாக்குக் கேக்குது, என்னட்டைச் சொல்ல வெக்கப்பட்டு ஒளிச்சுத் தின்னுது எண்டு நினைச்சன். உங்களைக் கேட்டு அவமானப்படுத்தக்கூடாதெண்டு பேசாமல் இருந்தன். நீங்கள் திருந்தோணுமெண்டு அண்டு தொடக்கம் வெள்ளியோட செவ்வாயும் பட்டினி கிடக்கிறன்."

மனிதர் அவமானப்படும் விதங்களைப் பற்றி நான் பல காலம் யோசித்து வந்திருக்கிறேன். களவு பிடிபடுவது ஒரு விதம். செய்யாத களவுக்காக ஒருத்தி தனக்காகப் பட்டினி கிடந்தாள் என்று அறிவது அதைவிடப் பெரிய விதம். செய்த களவு அதைவிட அற்பமானது என்று அப்போது தெரிவது, இன்னும் ஒரு படி. கதிர்காமநாதன் இந்த மூன்று படியையும் ஒரு வாங்கில் இருந்தபடியே ஏறினார்.

ஒஸ்வால்டின் பக்கம் திரும்பவும் வேண்டியிருந்தது. "ஒஸ்வால்ட், அந்த ரோட்டுப் பூனையள்..."

"வேணாம் ஐயா."

"நான் ஒண்டுக்கும் போடேல்லை."

"வெளங்கிச்சு ஐயா. சும்மா இருங்க." ஒஸ்வால்ட் எழுந்து வாசலுக்குப் போய், தெருவைப் பார்த்து நின்றார். திரும்பாமலே, "மன்னிச்சது மன்னிச்சதுதான். அத இனித் திருப்பி வாங்க ஏலாது. ஆனா லிப்ட்ல நா அழுதேனே ஐயா, அதத்தான் யோசிக்கிறேன்" என்றார்.

நான்காம் நாள் மோகன் வாலை அசைத்தது. ஐந்தாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். டொக்டர் உணவைத் தாளில் எழுதிக் கொடுத்தார்: கொழுப்பு அறவே ஆகாது, தோலும் எண்ணெயும் உப்பும் இல்லாமல் அவித்த கோழி நெஞ்சு, குழைந்த சோறு, கொஞ்சம் கொஞ்சமாக, நாளைக்கு நான்கு தரம். தேறிய பிறகு கொழுப்புக் குறைந்த நாய் உணவு; கோழி மட்டும் போட்டது தேடினால் கிடைக்கும், இல்லாவிட்டால் தானே எடுத்துத் தருவதாகவும் சொன்னார். கேட்டிருந்தால் ஆறு மாதத்துக்கு முன்பே சொல்லியிருப்பார்.

கோழியை ஒஸ்வால்டே கொட்டாஞ்சேனைச் சந்தையில் வாங்கித் தோலுரித்துக் கொண்டு வந்தார். "எங்கட வீட்டுலயே அவிச்சுத் தாறேன் ஐயா. ஒருத்தருக்கும் தெரியாது" என்றார்.

நல்ல யோசனை. சொல்லப்போனால் உத்தமமான யோசனை. செயலாளரின் பெயர், வீட்டின் ஆசாரம், நாயின் உயிர் மூன்றும் ஒரே சட்டியில் காப்பாற்றப்பட்டிருக்கும். கதிர்காமநாதன் கோழிப் பொதியைக் கையில் வாங்கினார்.

"இல்லை, ஒஸ்வால்ட். தெரியட்டும். நான் வைக்கிறன்."

குசினிக்குள், சைவச் சமையலறைக்குள், கோழிக்கு இடமில்லை. அதில் பாலேஸ்வரி தளரவில்லை. தளர வேண்டுமென்று அவரும் கேட்கவில்லை. பல்கனியில் ஸ்டூல் போட்டு, கரண்ட் அடுப்பை வைத்து, வயர் இழுத்தார்கள். பாலேஸ்வரி பழைய அலுமினியச் சட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்.

"இது இனி மச்சச் சட்டி. உள்ளுக்கு வரக்கூடாது. கரண்டியும் அப்பிடித்தான்."

"சரி."

"தண்ணி காணாது. இன்னும் விடுங்கோ" என்றார் வாழ்நாளில் கோழியைத் தொட்டறியாத அந்த அம்மா. பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்.

வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. வெய்யில் நன்றாக அடித்தது. எதிர்த் தொடர்மாடியில் பல்கனிக்குப் பல்கனி ஆட்கள். உடுப்புக் காயப்போடுகிறவர்கள், பேப்பர் பார்க்கிறவர்கள். அவர்களில் நான்கு பேராவது அந்தக் குழுவின் அன்பர்கள். சட்டி கொதித்தது. ஆவி மேலே எழும்பியது. நெற்றியில் மூன்று குறி திருநீற்றோடு, வெறும் மேலோடு, ஒரு சரித்திர நாயகன் கோழி அவித்துக்கொண்டிருந்தார். கீழே மூன்றாம் மாடியிலிருந்து நான் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்தேன். எனக்கே வெட்கமாயிருந்தது. மோகன் அவருடைய காலடியில் படுத்திருந்தது.

மேலே ஐந்தாம் மாடிப் பல்கனியில் சாருஜாவின் குரல்.

"அங்கிள்! மணக்குதே, கோழி அவியிற மாதிரி? வெள்ளிக்கிழமையில ஆரின்ரை வீட்டில?"

கரண்டி நின்றது. அவள் கம்பியில் சாய்ந்து கீழே பார்த்தாள். அவளுக்குப் பக்கத்தில், கம்பிக்கு இடையால், புரூனோவின் எலும்பும் தோலுமான மூக்கு நீண்டிருந்தது. அது ஆவி வருகிற திசையை விட்டு அசையவில்லை.

கதிர்காமநாதன் நிமிர்ந்தார். எதிர்ப்பக்கப் பல்கனிகளில் இரண்டு பேர் பேப்பரைத் தாழ்த்தினார்கள்.

"எங்கட வீடுதான், பிள்ளை" என்றார். செருமிக்கொண்டு, மேலேயும் எதிரேயும் கேட்கத் தக்கதாக மறுபடி சொன்னார். "எங்கட வீடுதான். கொஞ்சம் கீழ இறங்கி வாரும். அந்தப் பூசணிக்காய்க் கதை... நான் உமக்குச் சொன்னது முழுப்பொய். புரூனோவையும் கூட்டிக்கொண்டு வாரும்."